மண்டபச் சுவரில் யாரை நடுவில் வைப்பது? வரைகிறவர்கள் கொஞ்சம் பேசுங்கள்

கொரங்காட்டுக்காரி | காங்கேயம் பக்கம் | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மூன்று வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவள், இன்றைக்கு எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சுவரில் வரைவதுதான் என் தொழில். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஹோட்டல், வீட்டு ஹால், கல்யாண மண்டபம் என்று 14 வருடம் ஓடிவிட்டது. இப்போது கையில் இருப்பது ஒரு மண்டபத்தின் வாசல் பக்கச் சுவர். 32 அடி நீளம், 11 அடி உயரம், சதுர அடிக்கு 120 ரூபாய் பேச்சு, 15,000 முன்பணம் வாங்கியாயிற்று. ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் இந்த மாதத்தில் முடித்து ஆவணிக்குள் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். "நம்மூர்க் கல்யாணம்னு ஒண்ணு வரைங்க அம்மிணி, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அந்த "உங்க இஷ்டம்" காதில் விழுந்த நாள் நான் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்ததே தெரியாது. 14 வருடத்தில் அந்த வார்த்தையை நாலு தடவை கேட்டிருப்பேன். மற்ற நேரமெல்லாம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பார்கள், இப்போது அந்தப் படமும் கம்ப்யூட்டரே வரைந்ததாக இருக்கிறது, காளைக்கு அஞ்சு கால் இருந்தாலும் "அதே மாதிரி வேணும்" என்கிறார்கள்.

பட்டி பார்த்து பிரைமர் அடித்து, காலை ஆறு மணிக்கு வெறும் வெள்ளைச் சுவரின் முன்னால் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து சீறிக்கொண்டு வந்தாலும் சுவர் கிழக்கே பார்த்தது, கட்டடமே காற்றை மறைத்துக்கொள்கிறது, ஈரப் பெயின்ட்டில் மண் ஒட்டுவதில்லை, அது ஒரு புண்ணியம். வலது பக்கம் ஒரு மயிலைக் காளை, சாம்பல் நிறக் காங்கேயம் காளை. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் சிமெண்ட் நிறம்தான் வரும், உயிர் இருக்காது. அல்ட்ராமரைன் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பு, அதற்கப்புறம்தான் வெள்ளை. திமிலில் கறுத்து, தோளில் கலங்கி, விலாவுக்கு வருகிறபோது வெளுத்துவிட வேண்டும். இரண்டு நாள் அந்தத் திமிலிலேயே கிடந்தேன். பக்கத்தில் ஒரு கன்று, அதற்குச் செம்பழுப்பு. பால் கேனோடு போன ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, "கன்னைச் செவப்பா வெச்சிருக்கறயே, பாத்து வரைஞ்சிருக்கற சாமி" என்றார். காங்கேயம் கன்று செவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாதம் போல ஆனால் சாம்பலுக்கு மாறும், அது மாடு வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும். எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்னணிக்கு நம்ம கொரங்காட்டை, மாடு மேய்கிற வேலியடைத்த புல்காட்டை, எடுத்துக்கொண்டேன். கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளிர் மஞ்சளாகி, நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. முன்னால் பந்தல், பொண்ணு மாப்பிள்ளை, சீர்களை நடத்தி வைக்கிற அருமைக்காரர், சுற்றி ஒறம்பரை. நடுவில், எல்லாருக்கும் முன்னால், மங்கல வாழ்த்து என்கிற கல்யாணப் பாட்டைப் பாடுகிற பெரியவர், ஊருக்கு முடி திருத்துகிறவரும் அவர்தான். அவர் வாயைத் திறக்காமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடந்ததாக எந்தக் கிழவியும் ஒத்துக்கொள்ள மாட்டாள், அதனால் அவரை அங்கே வைத்தேன். கரிக்கோட்டில்தான் இருக்கிறது, இன்னும் வண்ணம் ஏறவில்லை.

நேற்று மண்டபத்துப் பங்குதாரர்கள் நாலு பேர் வந்து பார்த்தார்கள். காளை நன்றாக இருக்கிறது என்றார்கள். காட்டைப் பார்த்து, "ஏனுங், கல்யாண மண்டபத்துல காஞ்ச காட்டை எதுக்குங் வரையறீங்க, பச்சைப்பசேல்னு நெல்லு, தென்னந்தோப்பு, ஒரு அருவி வைங்க" என்றார்கள். அப்புறம் நடுவில் இருப்பவரைப் பார்த்தார்கள். பேச்சே இல்லை சித்த நேரம். "இவரைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் ஓரமா வெச்சிருங். இல்லாட்டி எடுத்திருங். புக்கிங் பண்ண வர்றவங்க கேப்பாங்க." குரலை உயர்த்தவில்லை, காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என் வெசனம் அதோடு முடியவில்லை. ராத்திரி அடுத்த வேலைக்காக, அது ஒரு திருவிழாப் படம், நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தேன். மேளக்காரர்களை என் கை தானாகவே கொண்டுபோய் ஓரத்தில் போட்டிருக்கிறது. யாரும் சொல்லவில்லை, யாரும் பக்கத்தில் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. இந்த மாதிரி உங்களுக்கு ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

மண்டபம்_வைத்திருப்பவன் | பல்லடம் | செவ்வாய், இரவு 11:15

அம்மிணி, கோவிச்சுக்காதீங்க, நானும் சின்னதாக ஒரு மண்டபம் நடத்துகிறவன், அந்தப் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். கடன் வாங்கிக் கட்டின கட்டடம், வருடத்தில் ஓட்டம் இருப்பதே கொஞ்ச மாதம். வாசலில் இருக்கிற படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் முகம் சுளித்துப் போனால் அந்த நஷ்டம் வரைகிறவருக்கு இல்லை. சுவர் அவர்களுடையது, காசு அவர்களுடையது. உங்களுக்கு மனசில் பட்டதை வரைய கேன்வாஸ் இருக்கிறது, அதில் யாரும் குறுக்கே வரப்போவதில்லை. தையல்காரர் நமக்குப் பிடித்த கழுத்தைத்தானே வைக்கிறார்? அவர் தனக்குப் பிடித்ததை வைத்தால் நாம் போட்டுக்கொள்வோமா? காய்ந்த காட்டைப் பற்றியும் அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பச்சையைத்தான் பார்க்க ஆசைப்படுவார்கள்.

நூல்_அடிக்கிறவன் | ஈரோடு | புதன், காலை 6:05

அறுபத்திரெண்டு வயசாகிறது கண்ணு எனக்கு. கடை போர்டு, லாரிக்கு நம்பர், சினிமா பேனர் எல்லாம் எழுதினவன். பல்லடத்துத் தம்பி சொல்வதை நானும் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன், அதில் பாதி நியாயம் இருக்கிறது. கடைக்காரர் பெயரைச் சிவப்பில் கேட்டால் சிவப்புத்தான். ஆனால் அந்தச் சிவப்புக்குள்ளே எனக்கென்று ஒரு இடம் இருந்தது. சாக்கட்டி தடவின நூலை இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துச் சுண்டுவோம், பட்டென்று ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் "ழ" எழுதுகிறபோது கீழே இறங்குகிற வாலை எவ்வளவு இழுப்பது என்பதை எந்த முதலாளியும் சொன்னதில்லை, அது என் கை. ஒரு தெருவில் நடந்தால் இது யார் எழுதின "ழ" என்று சொல்லிவிடுவோம் அந்தக் காலத்தில்.

ஃப்ளெக்ஸ் வந்தது, அந்த இடம் போய்விட்டது. என் கையெழுத்தை யாரும் தடை செய்யவில்லை, தேவையில்லாமல் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் அந்த பேனரும் வளைவும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. 2017 நவம்பரில் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் அலங்கார வளைவுக்காக நட்டிருந்த கட்டையில் மோதி ஒரு பையன் செத்தான், ஞாபகம் இருக்கும். அவனை யார் கொன்றது என்று கேட்டு ஜனங்கள் அந்த ரோட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதினார்கள். அந்தப் போட்டோவைப் பேப்பரில் பார்த்தபோது நான் உட்கார்ந்து அழுதேன். ரோட்டில் கையால் எழுதின எழுத்துக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்குத்தான் மறுபடி நினைத்துக்கொண்டேன்.

உன் கை தானாக ஓரத்துக்குப் போனது பற்றிச் சொன்னாயே, அதை விட்டுவிடாதே. எனக்கு அது நடந்தது எனக்கே தெரியாமல் முப்பது வருடம் போய்விட்டது.

திருப்பூர்_பிரிண்ட் | அவிநாசி | புதன், மதியம் 1:20

அக்கா, நான் பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைனர். எங்கள் வேலையில் சுதந்திரம் என்கிற பேச்சே வராது, ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற டெக் பேக் என்கிற விவரத் தாளில் எல்லாம் இருக்கும், நிறத்துக்கான பேண்டோன் நம்பர் உட்பட. அதிலும் உருளை சுற்றி அடிக்கிற ரோட்டரி பிரிண்டிங் என்றால் அந்த உருளை ஸ்கிரீனின் சுற்றளவு 64 சென்டிமீட்டர், பூவோ பொம்மையோ அந்த 64-க்குள் திரும்பத் திரும்ப வந்து சேர வேண்டும். 32, 16 என்று சரியாக வகுபட வேண்டும், இல்லையென்றால் சேருகிற இடத்தில் துணி முழுக்க ஒரு கோடு தெரியும். முதல் வருடம் எனக்கு அந்த 64-ஐக் கண்டாலே ஆகாது. இப்போது அதுதான் பிடித்த விளையாட்டு. ஒரு கொடியை மேல் விளிம்பில் வெட்டி, கீழ் விளிம்பில் மறுபடி பிடித்து, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று யாருக்கும் தெரியாமல் ஓடவிடுகிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது முதலில் அடித்துப் பார்க்கிற மாதிரித் துணி, கைக்கு வந்து அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நிமிடத்துக்காக நான் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

அதனால் கட்டுப்பாடு இருந்தாலே சுதந்திரம் போச்சு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 64 சென்டிமீட்டர் யாரையும் அவமானப்படுத்துவதில்லை அக்கா. மெஷின் அவ்வளவுதான் சுற்றும், அது அளவு. ஒரு மனுசரை ஓரமாகப் போடு என்பது அளவு கிடையாது. பல்லடத்து அண்ணா சொன்ன தையல் உதாரணம் எனக்கு ஒட்டவில்லை. கழுத்து எப்படி வேண்டும் என்று கேட்கலாம், உடம்பில் பாதியை வெட்டு என்று கேட்க முடியாது.

எரிச்சல் என்று கேட்டால் எனக்கு ஒன்றுதான். "நீங்க சும்மா கம்ப்யூட்டர்ல தட்டறதுதானே, அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது.

ஈரோடு_வக்கீல் | புதன், இரவு 9:30

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லாததால் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன்படி ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். ஆகவே பல்லடத்து அண்ணா சொல்வது பெருமளவு சரி. ஆனால் அதே சட்டத்தில் பிரிவு 57 இருக்கிறது. உரிமை கைமாறின பிறகும், என் படைப்பைச் சிதைத்தோ திருத்தியோ என் பெயருக்குக் கெடுதல் வரும்படி செய்யாதே என்று கேட்கிற உரிமை வரைந்தவருக்கு மிச்சம் இருக்கும். அதற்கு எல்லையும் உண்டு. படத்தை மாட்டவில்லை, நான் சொன்ன மாதிரி காட்சிக்கு வைக்கவில்லை என்று மட்டும் வழக்குப் போட முடியாது.

இதில் எல்லாரும் சொல்கிற வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்து வைத்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். 1992-இல் கோர்ட்டுக்குப் போனார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. ஜெயித்தார், ஆனால் 13 வருடம்.

அதனால் அக்கா, வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய அளவு ஸ்கெட்ச், அதில் இரண்டு பேர் கையெழுத்து, பிற்பாடு மாற்றுவதாக இருந்தால் என்னைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி, மாற்றத்துக்குத் தனிக் கூலி என்று இன்னொரு வரி. நீங்கள் ஸ்கெட்ச் காட்டினீர்களா?

கொரங்காட்டுக்காரி | புதன், இரவு 10:10

காட்டவில்லை தம்பி. "உங்க இஷ்டம்" என்றவுடன் அந்தச் சந்தோஷத்தில் ஸ்கெட்ச் காட்டினால் அதைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயந்து காட்டாமல் விட்டேன். அது என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பல்லடத்து அண்ணா, கேன்வாஸ் இருக்கிறதே என்று சொன்னீர்கள். இருக்கிறதுங்க, வீட்டில் பதினேழு கேன்வாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதை யார் பார்ப்பார்கள்? வாசல் சுவரை ஊரே பார்க்கும், பள்ளிக்கூட பஸ்ஸில் போகிற பிள்ளைகள் பார்க்கும். கொரங்காடு காய்ந்து கிடக்கிறது என்பவர்கள் கோடையில் ஒரு நாள் பொழுதோட அங்கே வந்து நின்று பாருங்கள். புல் மஞ்சள் என்று நினைப்போம், வெயில் சாய்கிறபோது அது ரோஸாகும், கிளுவை வேலியின் நிழல் ஊதாவாக விழும். எங்கள் ஊரில் இல்லாத அருவியை நான் எங்கே பார்த்து வரைவது?

கோபி_சுதைவேலை | கோபிசெட்டிபாளையம் | வியாழன், காலை 7:00

நான் கோயில் வேலைக்காரன். குலதெய்வக் கோயில், கன்னிமார், அண்ணமார், கருப்பணசாமி, குதிரை, எல்லாம் சுதையில் செய்து வண்ணம் தீட்டுகிறோம். உங்களை விட எங்களுக்குக் கட்டுப்பாடு அதிகம். முகத்துக்கு அளவு இருக்கிறது, கையில் என்ன ஆயுதம் என்பது ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைப்படி இருக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கண் திறக்கிற அன்றைக்குத் திரை கட்டிவிட்டு நான் மட்டும் உள்ளே இருப்பேன். கண்மணியைக் கடைசியாக வைப்பேன். அதுவரைக்கும் அது சுண்ணாம்பும் மணலும்தான். வைத்த அடுத்த நொடி என்னை அது பார்க்கும். எத்தனை வருடம் செய்தாலும் ஒவ்வொரு தடவையும் மயிர் கூச்செறியும். அதைவிட ஒரு சுகம் இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாது.

தொந்தரவு வருவது வேறு இடத்திலிருந்து. போன வருடம் ஒரு கோயிலில் நன்கொடை கொடுத்தவர், குதிரைக்குக் கீழே நிற்கிற வீரனுக்குத் தன் அப்பாவின் முகத்தை வைக்கச் சொன்னார், போட்டோவும் கொடுத்தார். நான் முடியாது என்றேன். கமிட்டியில் மூன்று பேர் என் பக்கம், நாலு பேர் அவர் பக்கம். கடைசியில் அந்தக் கோயில் பூசாரி, படிக்காத மனுசர், "வீரனுக்கு நாளைக்கு ஊரே கெடா வெட்டோணும், உங்கப்பனுக்கு வெட்டுவாங்களா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். பேச்சு முடிந்தது. நான் அரைமணி நேரம் வாதாடியும் ஆகாதது அது.

அதனால் அம்மிணி, நாலு பங்குதாரரோடு மட்டும் பேசாதீர்கள். அந்த வீட்டில் வயசான ஆத்தா யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து சுவரைக் காட்டுங்கள்.

செங்கோட்டு_மலையடி | திருச்செங்கோடு | வியாழன், மதியம் 2:45

இந்த இழையில் இதைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு கேட்காது. 2014 டிசம்பரில் ஆரம்பித்தது எங்கள் ஊரில். பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய நாவலுக்கு நாலு வருடம் கழித்து எதிர்ப்பு, ஊர்வலம், கடையடைப்பு. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானப் பேச்சு நடந்தது. அதற்கப்புறம்தான் தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். நான் அப்போது கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து தெருவில் சத்தம் போட்டவர்களில் புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு வலித்தது அது கூட இல்லை. படித்திருந்தவர்கள், எனக்குத் தெரிந்த வாத்தியார்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். நானும்தான் ஷட்டரை இறக்கினேன்.

2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்தச் சமாதானக் கூட்டத்தில் எழுதி வாங்கினது அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அவர் மறுபடி எழுத வேண்டும் என்றும் சொன்னது. எழுதினார். அந்தத் தீர்ப்பைக் கொடுத்த அமர்வில் இருந்த தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல்தான் 2008-இல் டெல்லியில் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மேல் அவர் படத்துக்காகப் போட்டிருந்த வழக்குகளையும் ரத்து செய்தவர். ஆனால் வெளிநாட்டுக்குப் போயிருந்த ஹுசைன் அதற்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை, 2011-இல் லண்டனில் இறந்தார். தீர்ப்பு வந்தாலும் போன வருடங்கள் வருவதில்லை.

அக்காவின் விஷயம் அவ்வளவு பெரிசு இல்லை என்று யாராவது சொல்வார்கள். காப்பி கொடுத்து மரியாதையாகச் சொன்னார்கள் என்கிறாரே, அங்கேயும் மேசை போட்டு மரியாதையாகத்தான் பேசினார்கள்.

மண்டபம்_வைத்திருப்பவன் | பல்லடம் | வியாழன், இரவு 8:20

செங்கோட்டுத் தம்பி, அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். இங்கே யாரும் யாரையும் மிரட்டவில்லை. வியாபாரம் செய்கிறவனுக்கு ஒரு பயம் இருக்கும், அதைத்தான் சொன்னேன். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நேற்று ராத்திரி வீட்டில் இதைச் சொன்னேன். என் சம்சாரம் கேட்டாள், "நம்ம கல்யாணத்துக்கு மங்கல வாழ்த்துப் பாடினவர் பேர் என்னங்க?" எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. 27 வருடம் ஆகிறது. ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம், ஒரு போட்டோவில் தோள் மட்டும் தெரிகிறது. என்னமோ போல ஆகிவிட்டது.

பேரன்_தாராபுரம் | வியாழன், இரவு 11:50

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, மங்கல வாழ்த்துப் பாடினவர். ஊரில் குடிமகன் என்று கூப்பிடுவார்கள். முடி திருத்துவது, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் வேண்டும். கம்பர் பாடிக் கொடுத்த வாழ்த்து என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார், எனக்குப் பாதிக்கு மேல் வராது. எத்தனை கல்யாணம் பாடினார் என்று கணக்கே கிடையாது. பாடி முடித்ததும் பந்தலில் அவருக்கு உட்கார இடம் இருக்காது, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆனால் பாடுகிற அந்தக் கொஞ்ச நேரம் பந்தல் மொத்தமும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும், நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

அக்கா, நீங்கள் நடுவில் வைத்தது பெரிய மனசு. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு நீங்கள் என்ன முகம் வைத்திருக்கிறீர்கள்? சினிமாவில் வருகிற மாதிரி கை கட்டி, முதுகு வளைந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருக்கிறாரா? அப்படி இருந்தால் ஓரத்தில் இருந்தாலும் ஒன்றுதான், நடுவில் இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் அப்பாரு பாடும்போது சிரிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். இடது கை காதுக்குப் பக்கத்தில் போகும். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். முதுகு நேராக இருக்கும்.

கொரங்காட்டுக்காரி | வெள்ளி, காலை 5:30

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இருட்டோடு மண்டபத்துக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். கை கட்டவில்லை, ஆனால் முதுகு வளைந்துதான் இருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் எங்கே பார்த்து அப்படி வரைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரை நடுவில் வைத்தேன் என்று நாலு பேரிடம் சண்டை போட நினைத்தவள், அவரை நிமிர்த்தி நிறுத்த வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ஈரத்துணியால் அந்த உருவத்தை மட்டும் துடைத்துவிட்டேன். இப்போது நடுவில் வெள்ளையாக இருக்கிறது.

கோவை_மூன்றாம்_வருடம் | வெள்ளி, மாலை 6:15

அக்கா, நான் ஓவியம் படிக்கிற பொண்ணு. இதெல்லாம் படிக்கப் படிக்க ஒரு பக்கம் பயமாக இருக்கிறது, ஒரு பக்கம் இப்போதே பிரஷ் எடுக்க வேண்டும் போலவும் இருக்கிறது. வீட்டில் "படம் வரைஞ்சு சோறு திங்க முடியுமா" என்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் நம்ம கோயமுத்தூரில் பிறந்தவர்தானே, 1911-இல். அவர் 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது, அங்கே இருந்தவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று அந்தக் காசில்தான் மனசுக்குப் பிடித்த படத்தை வரைந்தார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அது ரொம்ப ஆறுதல். சோற்றுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டு கையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கொரங்காட்டு அக்கா சொல்வதைப் பார்த்தால் சோற்றுக்கு வரைகிற கை மனசுக்கு வரைகிற கைக்கும் சொல்லிக் கொடுத்துவிடுமோ என்று இருக்கிறது. அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில் யாராவது கண்காட்சி வைத்தால் போய் ரொம்ப நேரம் நிற்பேன், ஒவ்வொரு படத்திலும் இதில் எதை விட்டுவிட்டு வரைந்திருப்பார்கள் என்று தேடுகிற புத்தி இப்போது வந்துவிட்டது.

நூல்_அடிக்கிறவன் | ஈரோடு | வெள்ளி, இரவு 7:40

இரண்டு கை கிடையாது கண்ணு, ஒரே கைதான். தினமும் காலையில் யாருக்கும் காட்டாமல் ஒரு பக்கம் வரை. கடைக்கு எழுதுகிற நாளிலும் வரை. நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

கொரங்காட்டுக்காரி | ஞாயிறு, இரவு 9:00

நடந்ததைச் சொல்கிறேன். கோபி அண்ணா சொன்னபடி பங்குதாரர் ஒருவரின் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னேன், எண்பது இருக்கும். வந்தார். காளையைத் தொட்டுப் பார்த்தார். நடுவில் இருந்த வெள்ளை இடத்தைக் காட்டி இங்கே யார் என்று கேட்டார், சொன்னேன். அந்த ஆத்தா தன் கல்யாணத்தில் பாடினவர் பெயரைச் சொன்னார், அவர் சம்சாரம் பெயரையும் சொன்னார், அவர் எந்த இடத்தில் பாட்டை நிறுத்தி மூச்சு வாங்குவார் என்பதையும் சொன்னார். மகன் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

எல்லாம் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பாடுகிறவர் நடுவிலேயே இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். காட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடது பக்கம் பத்தடிக்குத் தென்னந்தோப்பு வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள், அருவியை மட்டும் விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தத் தோப்பு பிடிக்கவில்லை, வரைகிறபோது கை வலிக்கிறது, இருந்தாலும் வரைகிறேன். வக்கீல் தம்பி சொன்ன தாளையும் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்கள், மாற்றுவதாக இருந்தால் என்னைக் கேட்க வேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டு ஒருவர் சித்த நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார், அப்புறம் போட்டார்.

தாராபுரம் தம்பி, உங்கள் அப்பாரு போட்டோ ஏதாவது இருக்கிறதா? தலையில் உருமால் எப்படிக் கட்டுவார் என்று தெரிய வேண்டும். நானாக எதையும் கற்பனை பண்ணிப் போட இனிமேல் பயமாக இருக்கிறது.

பேரன்_தாராபுரம் | ஞாயிறு, இரவு 9:25

போட்டோ ஒன்றும் இல்லைங்க அக்கா. ரேஷன் கார்டில் இருந்தது, அதுவும் அழிந்துவிட்டது. ஆனால் உருமால் கட்டத் தெரியும், எனக்குக் கட்டிவிட்டிருக்கிறார். நானே நேரில் வந்து கட்டிக் காட்டட்டுமா? மூக்கும் தாடையும் அவரை மாதிரியே எனக்கு என்று அம்மா சொல்லும். எப்போது வரட்டும்?

கொரங்காட்டுக்காரி | ஞாயிறு, இரவு 9:31

செவ்வாய்க்கிழமை வாங்க தம்பி. மூணு மணிக்கு மேல் வாங்க, காலையில் அந்தச் சுவரில் வெயில் நேராக விழும், முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியாது. உருமாலுக்குத் துணி நான் எடுத்து வைக்கிறேன், எத்தனை முழம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.